தங்கையின் பட்டமளிப்பு விழா: மூன்று ஊர்களில் இருந்து எப்படிக் கொண்டாடுவது?

கேள்வி (லண்டன்வாசி):
ஜூன் மாதம் ரொறன்ரோவில் தங்கைக்குப் பட்டமளிப்பு விழா. யாழ்ப்பாணத்தில் இருக்கும் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் விசா கிடைக்கவில்லை. எனக்கோ விடுப்பு இல்லை. நேரலை இணைப்பை அனுப்புவதோடு நின்றுவிடாமல் எல்லோரும் சேர்ந்து கொண்டாட வழி உண்டா?

வடமராட்சியான்:
அங்கே காலை 10 மணி என்றால் உங்களுக்குப் பிற்பகல் 3, யாழ்ப்பாணத்தில் இரவு 7.30; ஆகவே நேரம் உங்களுக்குச் சாதகமாகவே இருக்கிறது. ஆனால் ஆளுக்கொரு திரையில் நேரலையைப் பார்த்தால், ஒவ்வொருவருக்கும் அது வெவ்வேறு தாமதத்துடன் வருவதால், தங்கை மேடையேறும் சில விநாடிகளில் ஒருவர் கைதட்டி முடித்த பிறகே மற்றவர் பார்க்க நேரிடும். நீங்கள் ஒருவரே ஸூமில் திரையைப் பகிருங்கள். ஒலியையும் பகிர மறக்க வேண்டாம். பலர் கோட்டை விடுவது அங்கேதான்.

மாலதி:
2020இல் பெருந்தொற்றின்போது தோக்கியோவில் ஒரு பல்கலைக்கழக விழாவில், பட்டதாரிகளின் முகம் தெரியும் கைக்கணினியைத் தாங்கிய ரோபோக்கள் அங்கி அணிந்து பட்டம் பெற்றன; மும்பை ஐஐடியில் மாணவர்களின் மெய்நிகர் உருவங்கள் மேடையேறின. பார்க்கப் புதுமைதான், ஆனால் பெற்றோருக்கு அதில் என்ன நிறைவு கிடைத்திருக்கும் என்பது எனக்கு ஐயமே. அங்கி பெரும்பாலும் வாடகைக்குத்தான் கிடைக்கும் என்பதால், அதைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன்பே தங்கை அம்மாவுடன் தனியாகக் காணொளியில் பேசட்டும்.

வடமராட்சியான்:
அன்றிரவு ஊர் வீட்டில் உறவினர்களுக்குச் சாப்பாடு வையுங்கள். செலவு உங்களுடையதாக இருக்கட்டும்.

லண்டன்வாசி:
நன்றி. சாப்பாட்டு ஏற்பாடு பற்றி ஊரில் பெரியம்மாவிடம் இன்றே பேசுகிறேன்.