பி.பி.ஏ. முடிக்கப் போகிறேன்: உடனே எம்.பி.ஏ.வா, அப்பாவின் தறிப்பட்டறையா?

சென்னிமலைக்காரன் (கேள்வி)

வணக்கம். ஈரோட்டில் பி.பி.ஏ. கடைசி வருஷம் படிக்கிறேன். ஊரில் அப்பாவுக்கு எட்டு விசைத்தறி இருக்கிறது, பெட்ஷீட் ஓட்டுகிறோம். சொந்த நூல்தான், கூலிக்கு ஓட்டுவதில்லை. டிபார்ட்மென்ட்டில் எல்லோரும் எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வான டான்செட் எழுதச் சொல்கிறார்கள். மாமா வந்தால் "எம்.பி.ஏ. இல்லாம இந்தக் காலத்துல என்னடா" என்கிறார். அப்பா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. "பீஸ் எவ்வளவு ஆகும்?" என்று கேட்டதோடு சரி.

மூன்று வருஷமாக ஃபயோலின் 14 கொள்கைகளையும் டெய்லரின் அறிவியல் மேலாண்மையையும் எழுதி எழுதிக் கை ஓய்ந்துவிட்டது. எம்.பி.ஏ. முதல் செமஸ்டர் சிலபஸை எடுத்துப் பார்த்தால் அங்கேயும் அவர்களே உட்கார்ந்திருக்கிறார்கள்! இதற்கு இன்னும் ரெண்டு வருஷமும் சில லட்சமும் போடணுமா? படித்தவர்கள் சொல்லுங்கள்.

கரும்பலகை

நான் மேலாண்மை பாடம் நடத்துகிறவன், அதையும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

டான்செட் எழுதி வைப்பதில் நஷ்டமில்லை. 2 மணி நேரம், 100 கேள்வி. தப்பான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் கழியும், அதனால் குத்துமதிப்பாகத் தட்டிவிட்டு வராதீர்கள். தேர்வு நடத்துவது அண்ணா பல்கலைக்கழகம், கவுன்சலிங் கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி வழியாக. மதிப்பெண் நன்றாக வந்தால் பல்கலைக்கழகத் துறைகளில் குறைந்த கட்டணத்தில் படிக்கலாம். ஐ.ஐ.எம். (மத்திய அரசின் மேலாண்மைக் கல்லூரி) ஆசை இருந்தால் 'கேட்' (CAT) என்ற நுழைவுத் தேர்வைத் தனியாக எழுத வேண்டும். திருச்சியிலேயே 2011 முதல் ஒன்று இருக்கிறது, ஆனால் அங்கே செலவு 20 லட்சத்தை ஒட்டி வரும்.

நல்ல இடம் கிடைக்கவில்லை என்றால் மேனேஜ்மென்ட் கோட்டாவில் பணத்தைக் கொட்டாதீர்கள். வாசலில் இருக்கும் பிளேஸ்மென்ட் பேனரை விடுங்கள், போன வருஷம் முடித்த பையன்களைப் பிடித்து என்ன வேலை என்று கேளுங்கள். பல இடங்களில் 'மேனேஜ்மென்ட் டிரெய்னி' என்ற பெயரில் கிரெடிட் கார்டும் இன்சூரன்ஸும் விற்கத்தான் அனுப்புகிறார்கள்.

நூல்கடைக் கணக்கு

தம்பி, நான் பி.பி.ஏ. முடித்துவிட்டு நூல் கடையில் கணக்கு எழுதப் போனவள். வேலை பார்த்துக்கொண்டே தொலைதூரக் கல்வியில் எம்.பி.ஏ. ஃபைனான்ஸ் முடித்தேன். உங்களைப் போன்ற பட்டறைக்காரர்கள்தான் எங்கள் கடைக்கு வாடிக்கை, அதனால் கொஞ்சம் உரிமையோடு பேசுகிறேன்.

ஃபயோலை விடுங்கள். காஸ்ட் அக்கவுண்டிங்கிலும் மேனேஜ்மென்ட் அக்கவுண்டிங்கிலும் எவ்வளவு வாங்கினீர்கள்? அதைச் சொல்லவே இல்லையே. பி.பி.ஏ.வில் தறிக்கு நேராக உதவுவது அந்த ரெண்டும்தான். பசங்கள் பயப்படுவதும் அதற்குத்தான்.

அப்பா 10 லட்சத்துக்குப் பெட்ஷீட் அனுப்புகிறார், பணம் 90 நாள் கழித்து வருகிறது என்று வையுங்கள். நூலுக்கு நாங்கள் அவ்வளவு நாள் விடமாட்டோம். அதனால் அவர் ஓ.டி.யில்தான் (பேங்க் ஓவர்டிராஃப்ட் கடன்) எடுத்துக் கொடுப்பார். வட்டி 12 சதவீதம் என்றால் அந்த 90 நாளுக்கு ஏறக்குறைய 29,600 ரூபாய். லாபம் 5 சதவீதம், அதாவது 50,000 என்று அவர் கணக்குப் போட்டிருந்தால் பாதிக்கு மேல் பேங்குக்குப் போய்விட்டது. இப்போது வியாபாரி, "30 நாள் முன்னாலேயே தந்துவிடுகிறேன், ஒரு பர்சன்ட் கழித்துக்கொள்" என்கிறார். 30 நாள் வட்டி 9,860, கழிவு 10,000. சரிக்குச் சரி, வாங்கிக்கொள்ளலாம். ரெண்டு பர்சன்ட் கேட்டால் முடியாது என்று சொல்லிவிட வேண்டும். ஒர்க்கிங் கேபிடல், அதாவது தொழில் அன்றாடம் ஓடத் தேவையான பணம் பற்றிய பாடம் முழுக்க இதுதான்.

இன்னொன்று கரண்ட். விசைத்தறிக்கு ரெண்டு மாசத்துக்கு 1000 யூனிட் இலவசம், அதற்கு மேல் ஓடுவதற்குக் காசு. மொத்த பில்லைப் பெட்ஷீட் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது சராசரி. அவசர ஆர்டருக்கு ராத்திரியும் தறி ஓட்டினால் அந்தப் பெட்ஷீட்டுக்கு ஆகும் கரண்ட் செலவு அதைவிட அதிகம். சராசரியை வைத்து விலை சொன்னால் கையைக் கடிக்கும். மார்ஜினல் காஸ்டிங் என்று பரீட்சையில் எழுதியிருப்பீர்களே!

பாவு (நீள நூல்), ஊடை (குறுக்கு நூல்), சாயம், தறிக்கூலி, தையல், பேக்கிங், கரண்ட், வட்டி எல்லாம் போட்டு ஒரே ஒரு டிசைனுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பொழுதோடு முடிந்துவிட்டால் எம்.பி.ஏ.வுக்கு அவசரமில்லை, பட்டறையில் இருந்துவிட்டு அப்புறம் போங்கள். எங்கேயாவது முட்டி நின்றால், எதைப் படிக்கப் போகிறோம் என்பதாவது தெரிந்துபோகும். அதன் பிறகு சேர்ந்தால் வகுப்பில் கேட்க உங்களிடம் கேள்வி இருக்கும். என் செட்டில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள்தான் ஃபைனான்ஸ் வகுப்பில் வாய் திறந்தார்கள். பெரிய கம்பெனி வேலைதான் வேண்டும், தறி வேண்டாம் என்றால் அது வேறு பேச்சு; அதற்கு மேலே சார் சொன்னதுதான் சரி.

சென்னிமலைக்காரன்

அக்கா, காஸ்டிங்கில் 71. உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன், கரண்ட் வரைக்கும் ஓடியது. வட்டியில் நின்றுவிட்டேன். எந்த வியாபாரி எத்தனை நாளில் தருகிறார் என்பது நோட்டிலேயே இல்லை, அப்பா மனசில்தான் இருக்கிறது. கேட்டால் "எல்லாரும் தருவாங்க" என்கிறார். டான்செட்டுக்கும் விண்ணப்பிக்கிறேன், சீட் வந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம். 45 நாளில் பணம் தரணும் என்று சட்டம் இருக்கிறதாமே, அதை வைத்துக் கேட்க முடியுமா?

நூல்கடைக் கணக்கு

71 நல்ல மார்க்தான். சட்டம் இருக்கிறது, 2006-இல் வந்த குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம். எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக்கூடாது, தாண்டினால் வட்டியோடு கேட்கலாம். ஆனால் பழைய வியாபாரியிடம் சட்டம் பேசினால் அடுத்த ஆர்டர் பக்கத்துப் பட்டறைக்குப் போகும், அதையும் யோசியுங்கள். முதலில் அப்பா பெயரில் உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அந்த நம்பரை பில்லில் அச்சடித்துவிடுங்கள், 45 நாள் கெடுவை வியாபாரியின் ஆடிட்டரே அவருக்கு ஞாபகப்படுத்துவார். போன வருஷ பில்லையும் பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் யார் எத்தனை நாளில் தந்தார்கள் என்று நீங்களே எடுத்துவிடலாம். அப்பாவிடம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம்.