லேபிரிந்த் நடை: புதிர்ப்பாதை வேண்டாமே

அண்ணாச்சிக்கும் குழுவினர் எல்லாருக்கும் வணக்கம்.

தரையில் போட்ட வளைந்த தடத்தில் மெல்ல நடக்கும் லேபிரிந்த் (labyrinth) நடைக்குத் தமிழில் “புதிர்ப்பாதை நடைத் தியானம்” என்று நீங்கள் முன்வைத்ததைப் படித்தேன். பாதையிலும் நடையிலும் எனக்குத் தகராறு இல்லை, புதிர்தான் இடிக்கிறது. புதிர் இருப்பது மேஸில் (maze). அங்கே வழி பிரியும், முட்டுச்சந்து வரும், ஆள் திணறுவார். லேபிரிந்தில் கிளையே கிடையாது. வாசலில் கால் வைத்தால் ஒரே தடம் நடுவுக்குக் கொண்டுபோய் விடும், அதே தடத்தில் திரும்பி வரவேண்டும். எந்தப் பக்கம் போவது என்ற யோசனைக்கே வேலை இல்லாததால்தான் அது தியானத்துக்கு உதவுகிறது. அதைப் போய்ப் புதிர் என்றால் வருகிறவர் மூளையைத் தீட்டிக்கொண்டு வந்து நிற்பார்.

மற்றவர்கள் சொன்ன பெயர்களைப் பற்றி என் கருத்து: சக்கரவியூகத்துக்குள் போன அபிமன்யு வெளியே வரவில்லை, அதனால் அது வேண்டாம். ஒருவழிப்பாதை என்றால் போக்குவரத்துப் போலீஸ் பலகைதான் ஞாபகம் வரும். சுருள்வழி என்றால் திரும்பாமலே சுற்றிச் சுற்றி உள்ளே போவது. நம்ம பக்கம் கல்யாண வீட்டில் சுருள் என்று பணம் வைப்பது வேறு இருக்கிறது! தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் கல் பதித்த பழைய லேபிரிந்தை ஏழுசுத்துக் கோட்டை என்கிறார்கள். மக்கள் வாயில் புழங்கும் பெயர், எனக்கு ஆசைதான். ஆனால் பாளையங்கோட்டைக்கும் செங்கோட்டைக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு “கோட்டையில் நடந்தேன்” என்றால் யாருக்கு என்ன புரியும்? இங்கே நெல் அளந்ததும் கோட்டைக் கணக்கில்தான்.

திருச்சுற்று என்று சொன்னவருக்கு மட்டும் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நெல்லையப்பர் கோயில் பிரகாரத்தை வலம் வரும்போது சன்னதி எப்போதும் நம் வலக்கைப் பக்கம். எத்தனை சுற்று வந்தாலும் அது மாறாது. லேபிரிந்தில் வட்டம் முடியுமுன்பே தடம் மடங்கி எதிர்த்திசைக்குத் திரும்பிவிடும். வலக்கைப் பக்கம் இருந்த நடு இடக்கைக்கு வரும், மறுபடி மாறும். பிரான்சில் ஷார்த்ர் பேராலயத்துத் தரையில் 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பதித்த லேபிரிந்துக்கு 11 சுற்று. குறுக்களவு 13 மீட்டருக்குச் சற்றுக் குறைவு, தடத்தின் நீளமோ ஏறக்குறைய 260 மீட்டர். நுழைந்த கொஞ்ச நேரத்திலேயே நடுவை ஒட்டிப் போவோம். சரி, வந்துவிட்டோம் என்று நினைக்கையில் தடம் நம்மை வெளிச்சுற்றுக்குத் தள்ளிவிடும். வலமும் இல்லை இடமும் இல்லை, ‘சுற்று’ மட்டும் போதாது.

இந்த மடங்கல் சொல்லில் தெரியவேண்டும். என் பரிந்துரை மடிவழி. அதில் நடப்பது மடிவழி நடை.

*

தம்பி, புதிரை எடுத்துவிடலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மடி ஆகாது. குறளில் மடியின்மை என்று 61-ஆம் அதிகாரமே இருக்கிறது, மடி என்றால் சோம்பல். சில வீடுகளில் மடி என்றால் கிட்டே வராதே, தொடாதே என்று அர்த்தம். மடக்குவழி என்று வையும். மடக்குக் கத்தி, மடக்கு நாற்காலி எல்லாம் எல்லாருக்கும் தெரியும். செய்யுளில் மடக்கு என்றால் வந்த சொல்லே திரும்ப வருவது. போன தடத்திலேயே திரும்பி வருவதற்கும் அது ஒத்துப்போகும்.

*

சரி அண்ணாச்சி, மடக்குவழியே இருக்கட்டும். ஓசை கொஞ்சம் முரடுதான். ஆனால் தடம் திரும்பும் இடத்துக்குத் தனிச்சொல் தேடவேண்டாம், மடக்கு என்றே சொல்லிவிடலாம். வளையத்துக்குச் சுற்று. “பதினொரு சுற்று மடக்குவழி” என்று எழுதிப் பார்த்தேன், தடங்கல் இல்லாமல் ஓடுகிறது.

சான்பிரான்சிஸ்கோ கிரேஸ் பேராலயத்தில் 1991-இல் லாரன் ஆர்ட்ரெஸ் என்ற பாதிரியார் கித்தானில் வரைந்த லேபிரிந்தை விரித்தார் இல்லையா, அங்கேதான் ஒரு சிக்கல். “துணி மடக்குவழி” என்றால் வேட்டி மடிக்கச் சொல்லித்தருவது போல இருக்கிறது. விரிப்பு மடக்குவழி என்று மாற்றியிருக்கிறேன். அப்புறம், நடக்க முடியாதவர்கள் விரலால் தடவிப்போகும் சின்னப் பலகை ஒன்று உண்டு. விரல்மடக்கு என்றால் எண்ணிக் கணக்குப் போடுவதாகிவிடும். விரல்தடம் என்று வைக்கலாமா, அல்லது காவல்துறைக்காரர்கள் கைரேகை என்று நினைத்துக்கொள்வார்களா? குழுவினர் சொல்லுங்கள்.