மறுமொழி: 'மிலிட்டரிசம்' – இராணுவ ஆட்சியா, படையாதிக்கமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஜப்பானின் நவீனத் தரைப்படைக்கு அடித்தளமிட்ட யமகதா அரிதோமோ பற்றிய கட்டுரைக்காக, அரசியலிலும் மக்கள் மனத்திலும் படை மேலோங்கி நிற்பதைக் குறிக்கும் 'மிலிட்டரிசம்' என்பதற்குத் தமிழ்ச்சொல் கேட்டிருந்தேன். இத்தனை மடல்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. எல்லாவற்றையும் நேற்றிரவு உட்கார்ந்து படித்தேன். ஒவ்வொன்றாக மறுமொழி எழுதுகிறேன்.

> இராணுவ ஆட்சி என்றே எழுதிவிடலாமே, எல்லோருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் தவறாகப் புரியும். இராணுவ ஆட்சி என்றதும் தளபதி ஒருவர் வானொலியில் தோன்றி அரசமைப்பை முடக்கிவிட்டதாக அறிவிக்கும் காட்சிதான் நம் மனத்தில் எழும். ஜப்பானில் அப்படி நடக்கவில்லை. 1936 பிப்ரவரி 26 அன்று இளம் அதிகாரிகள் சிலர் டோக்கியோவில் அதற்கு முயன்றார்கள். நான்கே நாளில் அடக்கப்பட்டார்கள். நாடாளுமன்றம் இருந்தது. போருக்கு நடுவே 1942இல்கூடத் தேர்தல் நடந்தது. 1889இன் அரசமைப்பில் 1947 வரை ஒரு வரியும் திருத்தப்படவில்லை. அப்படியிருந்தும் படை நினைத்ததே நடந்தது. இது எப்படி முடிந்தது என்பதுதான் கட்டுரையின் பொருளே. அதை மறைத்துவிடும் சொல் எனக்குப் பயன்படாது.

'படையாட்சி' என்று சுருக்கலாம் என்றவருக்கும் இதே விடைதான். அதோடு, அது நம் ஊரில் ஒரு சமூகத்தாரின் பட்டப்பெயர். கலைச்சொல்லாக்கி அவர்களைச் சங்கடப்படுத்த வேண்டாம்.

யமகதா என்ன செய்தார் என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொன்னால் சொல் தானே பிடிபடும் என்று நினைக்கிறேன். 1838இல் ஹாகி நகரில், சாமுராய்கள் எனப்படும் போர்வீரர் குலத்தில் கடைநிலைக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். 1873இல் கட்டாயப் படைச்சேர்க்கை வந்ததில் அவர் பங்கே பெரிது. 1877இல் முன்னாள் சாமுராய்கள் திரண்ட சைகோ தகமோரியின் கிளர்ச்சியை அந்தப் புதுப்படை அடக்கியது. மறு ஆண்டு ஆகஸ்டில், அரண்மனைக் காவல் படையின் பீரங்கிப் பிரிவே டோக்கியோவின் தாகேபாஷியில் கலகம் செய்தது. கிளர்ச்சியை அடக்கியதற்கு வெகுமதி போதவில்லை, சம்பளத்தையும் குறைத்துவிட்டார்கள் என்பது வீரர்களின் குறை. ஐம்பதுக்கும் மேற்பட்டோருக்கு மரண தண்டனை. நாடாளுமன்றம் கேட்டுப் போராடிய மக்களுரிமை இயக்கத்தின் காற்று பாசறைக்குள்ளும் வீசிவிடுமோ என்ற அச்சம் யமகதாவைப் பிடித்துக்கொண்டது.

அதே ஆண்டு டிசம்பரில் படைத் தலைமை அலுவலகத்தை அமைச்சரவையிடமிருந்து பிரித்து நேரே பேரரசரின் கீழ் வைத்தார்கள். அதன் முதல் தலைவர் யமகதாவேதான். 1882 ஜனவரி 4 அன்று பேரரசரின் பெயரால் படைவீரர்களுக்கு ஓர் ஆணையுரை வந்தது. கடமை மலையைவிடக் கனமானது, சாவு இறகைவிட இலேசானது என்பது அதில்தான் இருக்கிறது. அரசியலில் தலையிடாதே என்பதும் அதில்தான் இருக்கிறது! படை அரசியலில் தலையிடக்கூடாது என்ற அதே யமகதாதான், அரசியல் படையில் தலையிட முடியாதபடி சுவரும் எழுப்பினார். 1889 அரசமைப்பின் 11ஆம் பிரிவு, முப்படையல்ல, அன்றிருந்த தரைப்படை, கடற்படை இரண்டின் தலைமையையும் பேரரசருக்கே அளித்தது. 1900இல் யமகதா இரண்டாம் முறை பிரதமராக இருந்தபோது கடைசிக் கல்லும் வைக்கப்பட்டது: படைத்துறை அமைச்சர்கள் பணியில் இருக்கும் ஜெனரல்களாகவோ லெப்டினன்ட் ஜெனரல்களாகவோ, கடற்படையில் அதே நிலை அட்மிரல்களாகவோதான் இருக்க வேண்டும்.

பார்த்தால் சாதாரண அலுவலக விதி. ஆனால் படை ஆள் கொடுக்க மறுத்தால் அமைச்சரவையே இல்லை. 1912 டிசம்பரில் கூடுதலாக இரண்டு டிவிஷன்கள் (பெரும் படைப்பிரிவுகள்) கேட்டுக் கிடைக்காததால் தரைப்படை அமைச்சர் உயேஹாரா பதவி விலகினார். பிரதமர் சயோன்ஜியின் அமைச்சரவை விழுந்தது. அடுத்த ஆண்டு மக்கள் கொந்தளிப்பில் விதி தளர்த்தப்பட்டது. 1922இல் யமகதா இறந்தார். 1936இல், அவர் இல்லாத ஜப்பானில், பிரதமர் ஹிரோத்தாவின் அமைச்சரவை அந்த விதியை மீண்டும் உயிர்ப்பித்தது.

அதன் விளைவை 1937 ஜனவரியில் உகாகி கசுஷிகே அனுபவித்தார். அவரும் ஜெனரல்தான், முன்பு தரைப்படை அமைச்சராக இருந்தவர். அமைச்சரவை அமைக்கும்படி பேரரசரே அழைக்கிறார். நள்ளிரவில் டோக்கியோவுக்குக் காரில் வருகிறார். ரொகுகோ பாலத்தருகே படைக்காவல் (இராணுவப் போலீஸ்) தலைவர் நகாஜிமா கெசாகோ காரை மறித்து, மறுத்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறார். உகாகி கேட்கவில்லை. மூன்று பேரைக் கேட்டோம், மூவரும் அமைச்சராக மறுத்துவிட்டார்கள் என்று படைத்தரப்பு சொல்லிவிட்டது. சில நாளில் உகாகி ஒதுங்கிக்கொண்டார். துப்பாக்கி வெடிக்கவில்லை, சட்டம் மீறப்படவில்லை. பேரரசர் சொன்ன ஆள் பிரதமராக முடியவில்லை.

இதற்குத்தான் 'படையாதிக்கம்' என்கிறேன். ஊரில் ஆதிக்கம் செலுத்துபவர் ஊராட்சித் தலைவராக இருந்துதான் ஆக வேண்டும் என்பதில்லை. நாற்காலியில் யாரோ இருப்பார். கையெழுத்துக்கு முன் எந்த வீட்டுத் திண்ணைக்குப் போய்வர வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆதிக்கம் என்ற சொல்லுக்குள் அந்த அனுபவம் ஏற்கெனவே இருக்கிறது. நாம் விளக்கவுரை எழுத வேண்டியதில்லை.

> ஆதிக்கம் வடசொல். படைமுதன்மை என்றால் தூய தமிழாக இருக்குமே?

ஐயா, உங்கள் அக்கறை எனக்கும் உண்டு. ஆனால் முதன்மை என்பது வரிசையைச் சொல்கிறது, பிடியைச் சொல்லவில்லை. வரவுசெலவுத் திட்டத்தில் படைக்கு முதலிடம் தரும் மக்களாட்சி நாட்டையும் படைமுதன்மை நாடு எனலாம். தவிர, வடகொரியா தன் கொள்கைக்கு வைத்திருந்த பெயரே 'சொங்குன்', படைக்கே முதலிடம் என்று பொருள். உங்கள் சொல்லை அதற்கு எடுத்துவைப்போம். அங்கே கச்சிதமாகப் பொருந்தும்.

குறளை நினைவூட்டிய அம்மாவுக்கு நன்றி. "படைகுடி கூழமைச்சு நட்பரண் ஆறும் உடையான்" என்ற இடத்தை நான் மறந்தே போயிருந்தேன். அங்கே படை அரசனின் உடைமைகளில் ஒன்று, குடியும் அமைச்சும் அதற்கு அருகிலேயே நிற்கின்றன. ஆறில் ஒன்று மற்றவற்றை ஆட்டிவைப்பதுதான் படையாதிக்கம். வரையறையாக இதையே எழுதலாம்.

ஆனால் 'படைச்செருக்கு' என்ற அதிகாரத் தலைப்பையே கலைச்சொல்லாக்கலாம் என்ற உங்கள் கருத்தோடு உடன்பட முடியவில்லை. "என்னைமுன் நில்லன்மின்" என்பவன் களத்தில் நிற்கும் வீரன். அது அவனுடைய பெருமிதம். நல்ல சொல், அதன் மேல் இந்தச் சுமையை ஏற்ற மனம் வரவில்லை.

ஆயினும் நீங்கள் சுட்டிய குறை உண்மை. மிலிட்டரிசம் என்பது அரசின் அமைப்பு மட்டுமல்ல, மக்களின் மனமும்தான். இதே உகாகி 1925இல் நான்கு டிவிஷன்களைக் கலைத்தார். அவ்வாண்டே பணியிலிருந்த அதிகாரிகள் பள்ளிகளுக்குப் பயிற்சி ஆசிரியர்களாக அனுப்பப்பட்டார்கள். படையின் அளவு குறைந்தது, படையின் குரல் பள்ளி மைதானத்துக்கு வந்தது. மரத்துப்பாக்கியோடு அணிவகுக்கும் பையனிடம் இருப்பது ஆதிக்கம் அல்ல. அதற்கு 'படைவழிபாடு' என்கிறேன், தனிமனித வழிபாடு என்று சொல்லிப் பழகியிருக்கிறோமே, அதுபோல. ஆங்கிலம் ஒரே சொல்லில் அடைத்துவைத்திருக்கிறது என்பதற்காகத் தமிழும் அடைக்க வேண்டியதில்லை. யமகதா கட்டியது முதலாவதை. இரண்டாவதை அதற்குக் காவலாக வைத்தார்.

இலங்கை நண்பர் குறிப்பிட்ட 'இராணுவமயமாக்கல்' அப்படியே இருக்கட்டும். அது நடந்துகொண்டிருக்கும் செயலைச் சொல்வது, அங்கே மக்கள் வாயிலும் செய்தித்தாளிலும் ஊறிய சொல்.

சொற்றொடரில் வைத்துப் பார்த்தேன்: "1940 ஜூலையில் தரைப்படை அமைச்சர் ஹாத்தா பதவி விலகி, பிரதமர் யோனாயின் அமைச்சரவையைக் கவிழ்த்தது படையாதிக்கத்தின் வெளிப்பாடு." ஓடுகிறது. "படையாதிக்கவாதி" மட்டும் நாக்கில் இடறுகிறது. "படையாதிக்கர்" என்றால் சரியாக இருக்குமா? இலக்கணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வெள்ளிக்குள் கட்டுரையை அனுப்ப வேண்டும்.

அன்புடன்.