சிசேரியனோடு குடும்பக் கட்டுப்பாடு: இன்சூரன்ஸில் வராது என்கிறார்கள், உண்மையா?

வில்லாபுரத்துப் பெண்:
எனக்கு வயது 29. இரண்டாவது குழந்தைக்கு இப்போது எட்டாம் மாதம். மூத்தவளுக்கு நாலு வயது, அவளும் சிசேரியன்தான். இதோடு போதும் என்று நானும் வீட்டுக்காரரும் முடிவெடுத்து, ஆபரேஷன் செய்யும்போதே கு.க.வும் செய்துவிடுங்கள் என்று கேட்டோம். டாக்டர் சரி என்றார். இன்சூரன்ஸ் கவுன்ட்டரில்தான் இடித்தது. வீட்டுக்காரர் கம்பெனியின் குரூப் பாலிசியில் பிரசவத்துக்கு 50 ஆயிரம் உண்டு. கு.க. அதில் வராதாம். 15 ஆயிரம் கையிலிருந்து கட்டுங்கள், இல்லையென்றால் பிறகு செய்துகொள்ளுங்கள் என்கிறார்கள்.

பிறகு என்றால் இன்னொரு முறை மயக்க ஊசி, இன்னொரு தையல். கைக்குழந்தையை யாரிடம் விடுவது? எங்கள் தெருவில் பூக்கட்டும் அக்காவுக்குப் பெரியாஸ்பத்திரியில் பிரசவத்தோடு பைசா செலவில்லாமல் முடிந்தது. மாதாமாதம் சம்பளத்தில் பிரீமியம் பிடித்தும் எனக்கு ஏன் இல்லை? வீட்டுக்காரர் கையெழுத்தும் கட்டாயமாம். அவர் வேலை பார்ப்பது ஓசூரில். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கே.கே.நகர் அக்கா:
ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் டெஸ்க்கில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். பாலிசி பற்றி அவர்கள் சொன்னது உண்மைதான், தங்கச்சி. பாலிசிகளில் எதெல்லாம் வராது என்ற வாசகத்தை 2019-ல் இன்சூரன்ஸ் கம்பெனிகளை ஒழுங்குபடுத்தும் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. ஒரே மாதிரி ஆக்கியது. அதில் 17-வது விலக்கில் குழந்தையின்மைச் சிகிச்சையும் கருத்தடையும் கு.க.வும் ஒரே பத்தியில் கிடக்கின்றன. 18-வது விலக்கு, பிரசவம். குரூப் பாலிசி எடுக்கிற கம்பெனி கூடுதல் பிரீமியம் கட்டிப் பிரசவத்தைச் சேர்த்துக்கொள்கிறது. 17-ஐயும் நீக்கச் சொல்லி ஒரு கம்பெனி கேட்டு நான் பார்த்ததில்லை. வீட்டுக்காரரைக் கம்பெனியில் எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள்.

அங்கேயே செய்வதானால் கு.க.வுக்குத் தனி பில் வாங்குங்கள். சிசேரியன் பில்லில் கலந்துவிட்டால் மொத்தக் கிளெய்முக்கும் கேள்வி வரும். டிஸ்சார்ஜ் அன்று பச்சை உடம்போடு சாயங்காலம் வரை காத்திருந்த பெண்களை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். வயிற்றைத் திறந்திருக்கும்போது கருக்குழாயைக் கட்டக் கூடுதலாக ஆவது சில நிமிடங்கள்தான், அதற்கு 15 ஆயிரம் அதிகம். டாக்டரிடமே குறைக்கக் கேளுங்கள்.

உசிலம்பட்டி சிஸ்டர்:
நான் கிராம சுகாதார செவிலியராக 31 வருடம் இருந்து ஓய்வு பெற்றவள். தாயி, புருஷன் கையெழுத்து வேண்டியதில்லை. மத்திய அரசின் வழிகாட்டுதலிலேயே அப்படித்தான் இருக்கிறது. உன் கையெழுத்து போதும். அதையும் வலி வருவதற்கு முன்னால், தெளிவாக இருக்கும்போது படித்துப் பார்த்துப் போடு. வயது 22 தாண்டியிருக்க வேண்டும், ஒரு பிள்ளைக்காவது ஒரு வயது நிறைந்திருக்க வேண்டும். உனக்கு இரண்டும் சரியாக இருக்கிறது.

அரசு ஆஸ்பத்திரியில் யாருக்கும் இலவசம், பாலிசி உண்டா என்று கேட்க மாட்டார்கள். சுகப்பிரசவம் என்றாலும் 7 நாளுக்குள் செய்துவிடலாம். பெரியாஸ்பத்திரியில் கூட்டமும் கட்டில் நெருக்கடியும் இருக்கும், அதை மறைக்க மாட்டேன். அதனால் இந்த மாதமே அட்டையோடு போய்ப் பார்த்துவிடு. 2019-21 கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நூற்றுக்கு சுமார் 58 பேர் கு.க. செய்துகொண்டவர்கள். இத்தனை பேர் செய்துகொள்வதைப் பாலிசியில் ஒதுக்கி வைத்திருப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

இன்னொன்று, உன் வீட்டுக்காரருக்குச் செய்வது இதைவிடச் சின்ன வேலை. தையலே கிடையாது, அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். என் சர்வீஸில் அதற்கு முன்வந்த ஆண்களை விரல்விட்டு எண்ணலாம்.

மேலூர் – ஹூஸ்டன்:
இங்கே அமெரிக்காவில் பிரசவ வார்டில் நர்ஸாக இருக்கிறேன். இங்கும் கையிலிருக்கும் இன்சூரன்ஸ் கார்டைப் பொறுத்துத்தான். தனியார் இன்சூரன்ஸ் உள்ளவர் அன்றைக்கே கையெழுத்துப் போட்டுச் செய்துகொள்ளலாம். ஏழைகளுக்கான அரசு இன்சூரன்ஸான மெடிக்கெய்டில் இருப்பவருக்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும், 30 நாள் முன்பே ஒரு படிவத்தில் கையெழுத்திட வேண்டும், 180 நாள் தாண்டினால் அது செல்லாது. குறைமாதப் பிரசவத்துக்கும் அவசர வயிற்று ஆபரேஷனுக்கும் மட்டும் கொஞ்சம் விலக்கு உண்டு. 1973-ல் அலபாமாவில் 14, 12 வயது கறுப்பினச் சகோதரிகளுக்கு முறையான சம்மதமில்லாமல் கருத்தடை ஆபரேஷன் செய்தது தெரியவந்தது. அதுபோன்ற கொடுமைகளைத் தடுக்கத்தான் 1978-ல் இந்த விதி வந்தது. ஆனால் மூன்று பிள்ளை பெற்று, இனி வேண்டாம் என்று கெஞ்சுகிறவரையும் படிவத்தில் நாள் போதவில்லை என்று அனுப்பியிருக்கிறோம். அவர்களில் ஒருவர் அடுத்த வருடமே வயிற்றோடு வந்தார். அவர் முகம் இன்னும் மறக்கவில்லை.

வில்லாபுரத்துப் பெண்:
எல்லோருக்கும் நன்றி. எச்.ஆருக்கு வீட்டுக்காரர் மெயில் போட்டுவிட்டார். பதில் எப்படி வந்தாலும் செவ்வாய்க்கிழமை அம்மாவோடு பெரியாஸ்பத்திரிக்குப் போகிறேன். சிஸ்டர், எந்த அட்டை என்று சொல்லுங்கள். செவிலியர் அக்கா கொடுத்த தாய் சேய் அட்டை போதுமா, முதல் சிசேரியன் டிஸ்சார்ஜ் சீட்டும் கொண்டுபோக வேண்டுமா?

உசிலம்பட்டி சிஸ்டர்:
இரண்டையும் எடுத்துப் போ தாயி. ஆதாரும், ஸ்கேன் ரிப்போர்ட்டும். காலையிலேயே போய்விடு.