பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியா, பூச்சோங் தரை வீடா?

நான் திருவல்லிக்கேணியில் வளர்ந்தவன். பார்த்தசாரதி கோயில், பால் பூத், கடற்கரை எல்லாம் நடை தூரம். அம்மா எழுபது வயதிலும் தனியாகவே கோயிலுக்குப் போய் வருவார். மனைவி பொள்ளாச்சிப் பக்கம். வாசல் தெளித்துக் கோலம் போட முடியாத வீட்டில் அவருக்கு மூச்சு முட்டுகிறது. இப்போது மலேசியாவில், கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் ஒரு அடுக்குமாடியில் வாடகைக்கு இருக்கிறோம். கீழே இறங்கினால் பூக்கடை, மளிகை, மோனோரயில். ஒப்பந்தம் முடிகிறது, புறநகரான பூச்சோங்கில் தரை வீடு பார்க்கலாம் என்கிறார் மனைவி. அம்மா வந்து சில மாதம் தங்கப்போகிறார். கார் ஓட்ட ஆளில்லாத நேரத்தில் அவர் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்க வேண்டுமா? இரண்டு ஊர்ப் பழக்கம் ஒரே வீட்டில் மோதும்போது நீங்கள் எப்படி முடிவெடுத்தீர்கள்?

*யாழ்ப்பாணத்து அக்கா:*
தம்பி, உங்கட மனிசியின்ர மனம் எனக்கு நல்லா விளங்குது. நான் கோண்டாவில். கிணறு, கதியால் வேலி, வளவில முருங்கை எண்டு வளர்ந்தனான். ஒண்டு கவனியுங்கோ. இங்க தரை வீடுகளை ஒட்டி ஒட்டி வரிசையாக் கட்டியிருப்பினம். அதில நடு வீடெண்டால் முன்பக்கம் முழுக்கக் கார் விடச் சீமெந்து போட்டிருப்பினம். கோலம் போடலாம், கறிவேப்பிலை நட ஏலாது. ஓர வீட்டில பக்கத்தில மண் இருக்கும், வாடகையும் கூட. நாங்கள் ஷா ஆலாம் பக்கம் செத்தியா ஆலாமில ஓர வீடு எடுத்தது அந்த மண்ணுக்காகத்தான். ஆனா பிரிக்பீல்ட்ஸ் ஸ்கொட் ரோட்டில இருக்கிற கந்தசுவாமி கோயிலுக்குப் போக ஆரும் கார் ஓட வேணும். அந்தக் காலத்தில ரயில்வே வேலைக்கு வந்த எங்கட ஆக்கள் பிரிக்பீல்ட்ஸிலயே குடியிருந்து நடந்தே போனவை.

*உள்ளூர்க்காரன்:*
அண்ணே, எங்க தாத்தா ரப்பர் தோட்டத்து லயத்துல, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டுல இருந்தவரு. தோட்டத்த வித்ததும் அப்பா மலிவு விலை அடுக்குமாடிக்குப் போனாரு. அதனால எங்க குடும்பத்துல தரை வீடுன்னா பெரிய கௌரவம். அண்ணி கேக்கறது நியாயம்தான். ஆனா பூச்சோங்ல எல்லா இடமும் ஒண்ணு கிடையாது. 2016ல எல்ஆர்டி நகர ரயில் அங்க வரைக்கும் வந்துடுச்சு. பண்டார் புத்திரி நிலையத்துப் பக்கமாப் பாருங்க. மஸ்ஜிட் ஜாமெக் நிலையத்துல ரயில் மாறினா பிரிக்பீல்ட்ஸ் பக்கத்துல இருக்கிற கேஎல் சென்ட்ரல் நிலையம். நிலையத்த விட்டுத் தள்ளிப் போனா எல்டிபி நெடுஞ்சாலை நெரிசல்தான். ரயில், பஸ்ஸுக்கான 50 வெள்ளி (ரிங்கிட்) மாத அட்டை மலேசியக் குடியுரிமை உள்ளவங்களுக்கு மட்டும், அதையும் கணக்குல வைங்க. வீடு பார்க்கறப்ப அம்மா நடக்கிற வேகத்துல கடை வரைக்கும் நடந்து பாருங்க. நடுவுல பெரிய சாலை குறுக்கிட்டா அந்த வீடு வேணாம்.

*கேட்டவர்:*
அக்கா எழுதியதை மனைவியிடம் படித்துக் காட்டினேன். ஓர வீடாக இருந்தால் சின்ன வீடானாலும் சரி என்கிறார். சனிக்கிழமை பண்டார் புத்திரி போகிறோம். நிலையத்துக்குப் பக்கத்தில் அம்மா நடந்தே போகிற மாதிரி கோயில் ஏதாவது இருக்கிறதா?