மறு: வேற்றுக்கோளார் நம்மை என்னவென்று அழைப்பார்கள்? (வெள்ளிக்குள் சொல் வேண்டும்)

உட்லண்ட்ஸ் ஆசிரியை, திங்கள் இரவு

குழுவினருக்கு வணக்கம். என் உயர்நிலை ஒன்று மாணவர்கள் ஏப்ரல் தமிழ்மொழி விழாவுக்குக் குறுநாடகம் போடுகிறார்கள். வேற்றுக்கோள் கப்பல் ஒன்று நம் சிங்கப்பூர் மரினா நீர்த்தேக்கத்தில் இறங்குகிறது. அதன் தலைவி தன் கோளுக்குச் செய்தி அனுப்புகிறாள்: "இங்கே வாழ்பவர்கள் ______."

கோடிட்ட இடத்தில் பிள்ளைகள் 'மனிதர்கள்' என்று போட்டிருந்தார்கள். ஒரு மாணவி எழுந்து, "அது நாம நமக்கு வச்சுக்கிட்ட பேரு. அவங்க ஏன் அப்படிச் சொல்லணும்?" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. வெள்ளிக்கிழமை வசனத்தை இறுதி செய்ய வேண்டும். பதின்மூன்று வயதுப் பிள்ளை ஒரே மூச்சில் சொல்லும்படி ஒரு சொல் தாருங்கள்.

பிடோக் ஐயா, திங்கள் நள்ளிரவு

அம்மா, 'மனிதர்' வடசொல். தனித்தமிழ் அறிஞர் பாவாணர் வழி நின்றால் மாந்தர். ஆனால் உங்கள் மாணவி கேட்டது அதுவல்ல. தொலைவிலிருந்து வருபவனுக்கு முதலில் தெரிவது ஆள் அன்று, உலகு. ஆகவே ஞாலத்தார்.

ஞாலுதல் என்றால் தொங்குதல். ஞகரம் நகரமாகி 'நாலுதல்' என்றும் வரும். யானைக்கு நால்வாய் என்று பெயர், தொங்கும் வாய் உடையது. ஞாண், நாண் ஆனதும் இப்படித்தான். வெட்டவெளியில் பிடிமானம் இல்லாமல் தொங்குவதால் ஞாலம். கப்பலின் சன்னல் வழியே பார்ப்பவன் கண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் உண்டா? ஞாயிறு பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், அதைத் தனி மடலில் எழுதுகிறேன்.

பொங்கோல் தம்பி (மொழிபெயர்ப்பு வேலை), செவ்வாய்

ஐயா, கோபிக்காதீர்கள். மேடையில் 'ஞாலத்தார்' என்றால் கடைசி வரிசையில் இருப்பவர் "எந்தக் கடைக்காரர்?" என்று கேட்பார்.

நம் பக்கத்து வீட்டு மலாய்ப் பாட்டி தினமும் 'மனுசியா' என்கிறார், 'பூமி' என்கிறார். வடசொற்கள்தான். கடல் தாண்டிப் போய் அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டன. சீனத்தில் 'தி ச்சியூ ரென்', அதாவது பூமி உருண்டை ஆள். அவர்களுக்கு எந்தச் சண்டையும் இல்லை. நாமும் 'பூமிவாசி' என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போகலாம். அந்தப் பாட்டிக்கும் பாதி புரியும்.

தோ பாயோ அக்கா, செவ்வாய் மாலை

தம்பி, புரிவது மட்டும் போதாது. பிறர் வைக்கும் பெயர் எப்படி இருக்கும் என்று இந்த ஊர்த் தமிழருக்குத் தெரியாதா?

ஹொக்கியன் சீனர்கள் வெள்ளைக்காரனைப் பார்த்தார்கள், 'அங் மோ' என்றார்கள். செம்முடி, அவ்வளவுதான். மலாய்க்காரர்கள் நம்மைக் 'கிளிங்' என்றார்கள். இன்றைய ஒடிசாப் பக்கத்துக் கலிங்க நாட்டின் பெயரிலிருந்து வந்தது. நாகப்பட்டினத்திலும் காரைக்காலிலும் கப்பல் ஏறியவனுக்கும் கலிங்கத்துக்கும் என்ன சம்பந்தம்? அது வசைச்சொல்லாகவே ஆகிப்போய், நம்மவர்களின் மனத்தாங்கலுக்குப் பிறகு 1920களில் கிளிங் ஸ்திரீட் சூலியா ஸ்திரீட் ஆனது. ஆக, பெயர் வைப்பவன் கண்ணில் பட்டதையோ காதில் விழுந்ததையோ வைத்துத்தான் கூப்பிடுவான். நம்மைக் கேட்க மாட்டான்.

கப்பல் இறங்குவது நீரில். மேலிருந்து பார்த்தால் இந்தக் கோளில் 71 விழுக்காடு நீர். நம் உடம்பிலும் பாதிக்கு மேல் அதுதான். புறநானூற்றில் குடபுலவியனார் 'நீரின்று அமையா யாக்கை' என்று எப்போதோ சொல்லிவிட்டார். நீர்யாக்கையர் என்று வைக்கலாமே. நாக்கு சுளுக்கும் என்றால் மண்ணோர். விண்ணோருக்கு எதிர்ச்சொல்லாக ஏற்கெனவே இருப்பது, எல்லாருக்கும் புரியும்.

பிடோக் ஐயா, செவ்வாய் நள்ளிரவு

யாக்கை அருமையான சொல். யாத்தல் என்றால் கட்டுதல். உடம்பும் கட்டப்பட்டது, செய்யுளும் கட்டப்பட்டது, அதனால்தான் யாப்பு.

இன்னொன்று. 1977இல் நாசாவின் வாயேஜர் விண்கலங்களில், வேற்றுக்கோளார் கேட்கட்டும் என்று, ஓர் ஒலித்தட்டில் 55 மொழிகளில் வாழ்த்து ஏற்றி அனுப்பினார்கள். தெலுங்கு உண்டு, கன்னடம் உண்டு, சிங்களம்கூட உண்டு. தமிழ் இல்லை. அந்தத் தட்டைக் கேட்டுவிட்டு வருபவன் எந்தச் சொல்லை வைத்து நம்மை அழைப்பானோ! நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

உட்லண்ட்ஸ் ஆசிரியை, புதன்

எரிச்சல் நியாயமானது ஐயா. எனக்கு இன்னும் இரண்டு நாள்தான் இருக்கிறது. வகுப்பில் மண்ணோர் என்றதும் ஒருவன், "நாங்கல்லாம் மண்ணா, ஆசிரியர்?" என்று சிரித்தான்.

பொங்கோல் தம்பி, புதன்

சிரிக்கட்டும். 1758இல் உயிரியலாளர் லின்னேயஸ் நமக்கு 'ஹோமோ சேப்பியன்ஸ்' என்று, அறிவுள்ளவன் என்று, பட்டம் கட்டினார். அந்த 'ஹோமோ'வுக்கும் மண்ணைக் குறிக்கும் லத்தீன் சொல்லுக்கும் வேர் ஒன்றுதான். ஆகவே மண்ணோருக்கு நானும் கை தூக்குகிறேன். பூமிவாசியை விட்டுத்தருகிறேன், மனமில்லாமல்.

ஆனால் உங்கள் வாக்கியத்தில் இடிப்பது பெயர் இல்லை, 'வாழ்பவர்கள்'. 'உயர்திணை என்மனார் மக்கட் சுட்டே, அஃறிணை என்மனார் அவரல பிறவே' என்பது தொல்காப்பியம். அவர்கள் ஊர்த் தொல்காப்பியரும் தம் இனத்தைத்தானே மக்கள் என்றிருப்பார்? நாம் 'பிற'. தலைவி 'வாழ்பவை' என்றுதான் சொல்வாள்.

தோ பாயோ அக்கா, புதன் இரவு

அடேயப்பா! ஆனால் நன்னூல் எழுதிய பவணந்தி தேவரையும் நரகரையும் உயர்திணையில் சேர்த்துக்கொண்டாரே. அவர்கள் ஊரில் ஒரு பவணந்தி இருக்கமாட்டாரா?

உட்லண்ட்ஸ் ஆசிரியை, வியாழன்

வகுப்பில் இதைச் சொன்னேன். அரைமணி நேரம் கத்தினார்கள். முடிவான வசனம்: "இங்கே மண்ணவை வாழ்கின்றன." கடைசிக் காட்சியில் 'மண்ணோர்' என்று மாற்றலாமா என்பதில் வகுப்பு இரண்டாகப் பிரிந்திருக்கிறது. கேள்வி கேட்ட மாணவி மாற்றக் கூடாது என்கிறாள். அனைவருக்கும் நன்றி.

பிடோக் ஐயா, வெள்ளி அதிகாலை

என் வாக்கு ஞாலத்தாருக்கே, பதிவில் இருக்கட்டும். ஞாயிறு பற்றிய மடல் தனியே வருகிறது.