மடகாஸ்கர் முழுச் சுற்று, 21 நாள்: என்ன வண்டி எடுக்கலாம்? (அவசரம்)

தென்திசை_தேவா
வணக்கம். மடகாஸ்கரை ஓரமாவே ஒரு ரவுண்டு சுத்துறதா பிளான். தனாவுல (தலைநகர் அன்டனானரிவோ) இறங்கி துலியாரா, அங்கேருந்து ஃபோர் தோஃபேன், அப்படியே கிழக்குக் கடலோரமா மேல ஏறி துவாமசினா, வடமுனையில தியேகோ, பிறகு மஹஜங்கா, திரும்ப தனா. சுமார் 4,000 கி.மீ. வருது. 21 நாள் இருக்கு, அப்போ ஒரு நாளைக்கு 200 கூட இல்ல. சின்ன கார் போதுமா, ஜீப் மாதிரி வேணுமா? நாளைக்குள்ள அட்வான்ஸ் கட்டணும். சீக்கிரம் சொல்லுங்க.

ஈரநிலம்
எந்த மாசம்? எத்தனை பேர்? யார் ஓட்டப் போறீங்க? இந்த மூணும் தெரியாம வண்டியைப் பத்திப் பேச முடியாது.

பெருவழி
தம்பி, அடிப்படையைப் படித்துவிட்டுக் கேட்டிருக்கலாம். மடகாஸ்கரைச் சுற்றி வரும் சாலை என்று ஒன்று கிடையாது. தீவு சுமார் 5,87,000 சதுர கி.மீ., தமிழ்நாட்டைப் போல நாலரை மடங்கு. நல்ல சாலைகள் எல்லாம் தனாவிலிருந்து கிளை பிரிகின்றன: தெற்கே ஆர்.என். (தேசிய நெடுஞ்சாலை) 7, கிழக்கே ஆர்.என். 2, வடமேற்கே ஆர்.என். 4. கிளை நுனிகளைக் கடலோரமாக இணைக்கும் கோடுகள்தான் உங்கள் பாதை. அவை சாலை அல்ல, மணலும் சேறும் ஆறும். ஃபோர் தோஃபேனிலிருந்து வங்கைன்ட்ரானு வரை சுமார் 230 கி.மீ.தான், ஆனால் வழியில் ஏறத்தாழ பத்து மிதவைப் படகுகள். ஒரு படகு பழுதானால் அன்றைய நாள் அங்கேயே முடியும். மரோவன்ட்செத்ராவுக்குப் போகும் ஆர்.என். 5-ம் இதே கதைதான்.

கிலோமீட்டரை வைத்து நாளைப் பிரிக்காதீர்கள். தனா–அன்ட்சிராபே 170 கி.மீ. தார்ச் சாலைக்கே 4, 5 மணி நேரம் ஆகும்.

மூட்டைமுடிச்சு
வண்டியே வேண்டாங்க. தக்சி ப்ரூஸ் (ஆள் சேர்த்து ஓட்டுற வேன்) எல்லா ஊருக்கும் போகுது. தனாவுலருந்து துலியாராவுக்கு கிட்டத்தட்ட ஒரு முழு நாள், இரவும் சேர்த்து. டிரைவர் பக்கத்து சீட்டை முந்தின நாளே நிலையத்துல போய் எழுதி வைங்க. கால் நீட்ட இடம் இருக்கும், பை காலடியில இருக்கும். கடைசி வரிசை வேண்டவே வேண்டாம். ஆள் நிரம்பினாத்தான் கிளம்பும், அதனால காலை 7 மணின்னு சொன்னா 10 மணின்னு வெச்சுக்கோங்க. மேலே கட்டுற பைக்கு தார்ப்பாய் போடுறாங்களான்னு நீங்களே நின்னு பாருங்க.

ஈரநிலம்
ஆர்.என். 7-க்கு அது சரி. ட்சிங்கி (கத்தி மாதிரி கூரான சுண்ணாம்புப் பாறைக் காடு) பாக்க மேற்கே பெகுபாக்கா போகணும்னா தக்சி ப்ரூஸை நம்பி 21 நாள் கணக்குப் போட முடியாது.

தென்திசை_தேவா
சாரி, சொல்ல மறந்துட்டேன். ஜனவரி 8 இறங்குறோம். நாலு பேர், அப்பாவுக்கு 67. நானும் தம்பியும் ஓட்டுவோம்.

பெருவழி
இதை முதல் வரியிலேயே சொல்லியிருக்க வேண்டும். ஜனவரி முதல் மார்ச் வரை புயலும் உச்ச மழையும். 2022 பிப்ரவரியில் பட்சிராய் புயல் மனன்ஜாரி பக்கம்தான் கரையேறியது, அதாவது நீங்கள் போக நினைக்கும் அதே கிழக்குக் கரை. மேற்கே மொரொன்தாவா–பெலோ–பெகுபாக்கா பாதை அப்போது சேறாகி மூடிக்கிடக்கும், ட்சிங்கிக்குள் நுழையவே முடியாது. அட்வான்ஸ் கட்டாதீர்கள்.

செம்மண்
தேதியை மாத்த முடியலன்னா அன்டாசிபே (தனாவுலருந்து ஆர்.என். 2-ல 140 கி.மீ., இன்ட்ரி லெமூர்), பிறகு ஆர்.என். 7-ல துலியாரா வரைக்கும். அவ்வளவுதான். மாத்த முடிஞ்சா ஜூன் முதல் அக்டோபருக்குள்ள தென்மேற்குச் சுற்று போங்க. உங்க நாள்ல உண்மையா முடியுற வட்டம் அது ஒண்ணுதான்:

தனா – அன்ட்சிராபே – மியன்ட்ரிவாசு – மொரொன்தாவா: 3 நாள். அங்கேருந்து பெகுபாக்கா முழுசா ஒரு நாள் (சிரிபிஹினா, மனம்புலு ரெண்டு ஆத்துலயும் படகு, விடியறப்பவே கிளம்புங்க). ட்சிங்கிக்கு 2 நாள், திரும்ப மொரொன்தாவா 1 நாள். பிறகு மன்ஜா, மொரும்பே வழியா துலியாரா 3 நாள், ஓய்வு 1 நாள். ரனுஹிராவுல இசாலோ தேசியப் பூங்காவுக்கு 2 ராத்திரி, அம்பலவாவ், ரனுமஃபனா, அன்ட்சிராபே, தனா. ஒரு நாள் கையில மிச்சம் வைங்க. அது விமானத்துக்கு முந்தின நாளா இருக்கட்டும்.

இதுக்கு உயரமான டீசல் ஃபோர் வீல் டிரைவ்தான். ஸ்டெப்னி ரெண்டு. டயர்ல காத்தை இறக்குறதுக்கும் திரும்ப அடிக்கிறதுக்கும் ஒரு கம்ப்ரசர். மொரும்பே பக்கத்து மணல்ல 18 பி.எஸ்.ஐ. வரை இறக்கணும், இல்லன்னா அச்சு வரை புதையும். கெட்டியான தரை வந்ததும் திரும்ப ஏத்திடணும், இல்லன்னா டயர் பக்கவாட்டுல கிழியும். பாட்டில்ல விக்கிற டீசல்ல தண்ணி கலந்திருக்கலாம். மொரொன்தாவாவுலயே டேங்க்கை நிரப்பி 40 லிட்டர் கேன்லயும் எடுத்துக்கோங்க.

ஈரநிலம்
நீங்களே ஓட்ட வேண்டாம், டிரைவரோட எடுங்க. அங்கே வலப்பக்கம் ஓட்டணும். இருட்டினா விளக்கில்லாத மாட்டு வண்டிகள் ரோட்டுல வரும். சோதனைச் சாவடியில வண்டிப் பதிவுச் சீட்டு, காப்பீடு, தகுதிச் சான்று மூணும் கேப்பாங்க, பேச்சு பிரெஞ்சு இல்லன்னா மலகாசி (அந்த ஊர் மொழி). பெத்ரோகா வழியா ஃபோர் தோஃபேன் போற ஆர்.என். 13-ல தஹாலு மாட்டுக் கொள்ளையர் தொல்லை இருக்கு, அதைத் தொடவே வேண்டாம்.

அப்பாவுக்கு மலேரியா மாத்திரை பத்தி டாக்டர்கிட்ட இப்பவே கேளுங்க. டாக்சிசைக்ளின்னா ஊர் திரும்பின பிறகும் 4 வாரம் தொடரணும்.

மூட்டைமுடிச்சு
காசு: யூரோ கொண்டு போங்க. அங்கத்திய பணம் அரியாரி, பெரிய நோட்டே 20,000 அரியாரிதான், கட்டுக் கட்டா வரும். அன்ட்சிராபே, துலியாரா மாதிரி ஊர்கள்ல ஏ.டி.எம். உண்டு, பெகுபாக்காவை நம்பிப் போகாதீங்க. கிராமத்துல விலை அஞ்சு மடங்கா காதுல விழுந்தா பயப்பட வேண்டாம், பழைய பிராங்க் கணக்குல சொல்றாங்க. ஒரு அரியாரிக்கு 5 பிராங்க்.

சாப்பாட்டுக்கு ‘ஹுதேலி’ போர்டு பாருங்க. நம்ம ஊர் ஹோட்டல் மாதிரியே சாப்பாட்டுக் கடை, தங்குற இடம் இல்ல. சோறு மலை மாதிரி வரும், கூடவே ரனுவுலா, அடிப்பிடிச்ச சோத்துல தண்ணி ஊத்திக் கொதிக்க வெச்சது. கொதிச்ச தண்ணிங்கறதால தைரியமா குடிக்கலாம். அரிசிக்கு அவங்க சொல்ற ‘வாரி’யும் நம்ம ‘அரிசி’யும் ஒரே சொல்தான்.

பெருவழி
ஒலி ஒத்துப்போனால் உறவு ஆகிவிடாது. மலகாசிக்கு மிக நெருங்கிய மொழி போர்னியோவில் பேசப்படும் மாஅன்யான். அதே தீவின் ஙாஜு மொழியில் சோற்றுக்கு ‘பாரி’ என்கிறார்கள். சொல் கிழக்கிலிருந்து வந்தது.

மூட்டைமுடிச்சு
அரிசி எங்கேருந்து எங்கே போச்சுன்னு யாரும் முடிவா சொல்லல. வணிகர்கள் நடுவுல இருந்திருக்காங்க.

பெருவழி
வணிகம் இருந்தது, மறுக்கவில்லை. அதற்கான தடம் வேறு இடத்தில் இருக்கிறது: தலாத்தா, அலாருபியா, அலகமிசி என்று கிழமைப் பெயர்கள் அரபியிலிருந்து வந்தவை. தமிழ் என்று சொல்ல இப்படி ஒரு வரிசையைக் காட்டுங்கள்.

செம்மண்
அந்தக் கிழமைப் பெயர் பயணத்துக்கும் உதவும். ஊர்ப் பேர்ல கிழமை இருந்தா பெரும்பாலும் அன்னிக்குத்தான் அங்கே சந்தை. ஆர்.என். 7-ல ஃபியனரன்ட்சுவாவுக்கு வடக்கே அலகமிசி அம்புஹிமஹா இருக்கு, வியாழக்கிழமை அந்த ஊரைச் சீக்கிரம் கடந்துடுங்க. அம்பலவாவ்ல புதன்கிழமை மாட்டுச் சந்தை, அது பாக்க வேண்டிய ஒண்ணு. மத்ததை வேற இழையில பேசிக்கலாமே.

இன்னொண்ணு, ஃபியனரன்ட்சுவா–மனகாரா ரயிலை (163 கி.மீ., 48 குகை) நம்பித் திட்டம் போடாதீங்க. மண்சரிவுல அடிக்கடி நின்னுடும். கல்லறையை விரல் நீட்டிக் காட்டுறது ஃபாடி, அதாவது விலக்கு. விரலை மடக்கிக் காட்டுங்க. ஃபாடி ஊருக்கு ஊர் மாறும், இறங்கினதும் வழிகாட்டிகிட்ட கேட்டுடுங்க.

தென்திசை_தேவா
அட்வான்ஸ் கட்டல. ஆகஸ்ட் 2-க்கு மாத்தியாச்சு, தென்மேற்குச் சுற்று மட்டும். எல்லாருக்கும் நன்றி.

ஈரநிலம்
நல்லது. ஆகஸ்ட்ல கூட்டம் அதிகம், பெகுபாக்கா தங்குமிடத்தை முதல்ல பதிவு பண்ணுங்க. மேட்டு நிலத்துல அப்போ ஃபமதிஹானா காலம், முன்னோர் எலும்பை எடுத்து புதுத்துணி சுத்துற சடங்கு. குடும்பத்தார் கூப்பிட்டாத் தவிர கேமராவோட போகாதீங்க. டிரைவரோடதானே எடுக்கறீங்க?

செம்மண்
தேவா, டிரைவரோட வண்டின்னா அவர் சாப்பாடும் தங்கலும் வாடகையில சேருமா, டீசல் யார் கணக்குன்னு எழுத்துல வாங்கிடுங்க. வாங்கிட்டீங்களா?